சாணமா, பயிரா: பண்ணை எரிவாயுக் கலனுக்கு எதைத் தீனியாக்குவது?

ஒரு டன் மாட்டுச் சாணக் கரைசலைச் செரிக்கவிட்டால் ஏறத்தாழ 25 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். ஒரு டன் மக்காச்சோள சைலேஜை, அதாவது பச்சையாக நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பயிரை, செரிக்கவிட்டால் 200 கன மீட்டர் வரை கிடைக்கும். பண்ணையில் எரிவாயுக் கலன் (காற்றில்லாமல் நுண்ணுயிர்களால் செரிக்கவைத்து வாயு எடுக்கும் மூடிய தொட்டி) அமைக்க நினைக்கும் எவர் கண்ணிலும் முதலில் படும் எண்கள் இவையே. எட்டு மடங்கு வித்தியாசத்தைப் பார்த்தபின் சாணத்தை நம்புவது வீண் என்றும், நல்ல வயலில் பயிர் வளர்த்துக் கலனுக்குப் போடுவதே புத்திசாலித்தனம் என்றும் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இருபது ஆண்டுகளுக்கு அந்த முடிவோடு வாழ வேண்டியிருக்கும் என்பதால், அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

எட்டு மடங்கின் பெரும்பகுதி தண்ணீர்தான். தொழுவத்திலிருந்து வழித்து எடுக்கப்படும் கரைசலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர் இருக்கிறது. நன்றாக முற்றி அறுத்த மக்காச்சோள சைலேஜில் மூன்றில் ஒரு பங்கு உலர்பொருள் இருக்கிறது. நீரை நீக்கிவிட்டு உலர்பொருளுக்கு உலர்பொருள் ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். அந்த இரண்டு மடங்குக்கும் காரணம் எளிது: சாணம் ஏற்கெனவே ஒரு வயிற்றைக் கடந்து வந்த பொருள், எளிதில் செரிக்கக்கூடிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மாடு எடுத்துக்கொண்டு பாலாகவும் உடலாகவும் மாற்றிவிட்டது. மிச்சமிருக்கும் நார்ப்பொருளிலிருந்துதான் கலன் தன் பங்கை எடுக்கிறது. அதாவது சாணத்திலிருந்து வரும் வாயு கூடுதலாகக் கிடைப்பது. பயிரிலிருந்து வரும் வாயுவோ, வேறு எதற்கோ பயன்பட்டிருக்கக்கூடிய நிலத்திலிருந்து கிடைப்பது.

என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாகக் கால்நடை வைத்திருக்கும் பண்ணைக்குச் சாணமே அடித்தளமாக இருக்க வேண்டும். பயிர் சேர்ப்பதென்றால் உணவுக்கும் தீவனத்துக்கும் போகாத மிச்சங்களும், இரண்டு முக்கியப் பருவங்களுக்கு இடையே சும்மா கிடக்கும் நிலத்தில் வளரும் இடைப்பருவப் பயிரும் போதும். கலனுக்கென்றே முழுப் பருவ நிலத்தை ஒதுக்குவது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி.

சாணத்தை மட்டும் நம்பினால்

நூறு கறவை மாடுகள் கொட்டிலிலேயே கட்டி வளர்க்கப்படும் ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். நன்கு வளர்ந்த கறவை மாடு ஒன்று சாணமும் சிறுநீருமாக ஒரு நாளில் 50 முதல் 60 கிலோ வரை வெளியேற்றும். 55 கிலோ என்று வைத்தால் நாளொன்றுக்கு ஐந்தரை டன் கரைசல். அதிலிருந்து ஏறத்தாழ 137 கன மீட்டர் வாயு. இதில் மீத்தேன் 55 முதல் 60 விழுக்காடு இருக்கும். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. முழுவதையும் ஒரு சிறிய எஞ்சினில் எரித்து மின்சாரமாக்கினால் நாளொன்றுக்கு 270 யூனிட் (கிலோவாட் மணி) அளவில் கிடைக்கும். அதாவது இரவு பகலாக ஓடும் 11 கிலோவாட் எஞ்சின் ஒன்றுக்குத்தான் அது தீனி. நூறு மாடுகளுக்கு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஆம், இவ்வளவுதான், இதைவிட மிக அதிகமாகக் காட்டும் எந்தத் திட்ட அறிக்கையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கும்கூட சாணம் முழுவதும், புதிதாக, கலனுக்குள் வந்து சேர்ந்தால் மட்டுமே பொருந்தும். மாடுகள் பாதி நாள் மேய்ச்சலில் இருந்தால் பாதிச் சாணம் வயலில் விழுந்துவிடும். குழியில் வாரக்கணக்கில் கிடந்த சாணம், கலனுக்குள் தர வேண்டிய வாயுவில் ஒரு பகுதியை வெளியிலேயே இழந்திருக்கும். கொட்டிலைத் தாராளமாகத் தண்ணீர் அடித்துக் கழுவும் பண்ணைகளில் கரைசலின் உலர்பொருள் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. அப்போது ஒவ்வொரு டன்னிலும் கிடைக்கும் வாயுவும் பாதியாகிவிடுகிறது. மாடுகளுக்கு மணல் படுக்கை போடும் கொட்டில்களில் அந்த மணல் கலனின் அடியில் படிந்து, சில ஆண்டுகளில் கலனின் உண்மையான கொள்ளளவைத் தின்றுவிடும். குளம்புக் குளியலுக்குப் பயன்படும் செப்பு சல்பேட்டும், கொட்டிலைக் கழுவும் கிருமிநாசினியும் கணிசமாகக் கலந்தால் நுண்ணுயிர்கள் நலிவடையும். ஆகவே சாணத்தைத் தேர்ந்தெடுப்பவர் செலவழிக்க வேண்டிய முதல் பணம் கலனுக்கானது அல்ல. சாணம் நாள்தோறும் நீர்த்துப்போகாமல் வந்து சேரும்படி வடிகாலையும் வழித்தெடுக்கும் அமைப்பையும் சரிசெய்வதற்கானது.

அடுத்த குறை வெப்பம். கலனில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் 35 முதல் 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் நன்றாக இயங்குகின்றன. ஐந்தரை டன் கரைசலை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 யூனிட் வெப்பம் வேண்டும். மேலே சொன்ன எஞ்சின் தரும் வெப்பத்தில் இது பாதிக்குச் சற்றுக் குறைவு. கலனின் சுவர் வழியாக வெளியேறுவதையும் சேர்த்தால், குளிர்ப் பகுதிகளில் சாணத்தை மட்டும் செரிக்கும் சிறிய கலனில் வீட்டுக்கோ பால்பண்ணைக்கோ மிஞ்சும் வெப்பம் குளிர்காலத்தில் சொற்பமே. எட்டில் ஒரு பங்கு எடையில் அதே வாயுவைத் தரும் சைலேஜுக்கு இந்தச் சுமை இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் பகுதிகளில் இந்தக் குறை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அதனால்தான் சூடேற்றும் ஏற்பாடே இல்லாத எளிய கலன்கள் அங்கே பரவின. 1950-களில் இந்தியாவில் உருவான மிதக்கும் மூடிக் கலனும், சீனாவில் 1970-களில் லட்சக்கணக்கில் கட்டப்பட்ட நிலைத்த கூரைக் கலனும், 1984-இல் வந்த தீனபந்து வடிவமும் இந்த வகையைச் சேர்ந்தவை. நான்கைந்து மாடுகளின் சாணம் 50 கிலோவுடன் அதே அளவு நீரைக் கலந்து நாள்தோறும் ஊற்றினால் இரண்டு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு அது போதும். இத்தகைய சிறு கலன் வைத்திருப்போருக்குச் சாணமா பயிரா என்ற கேள்வியே எழ வேண்டியதில்லை. கலக்கும் கருவி இல்லாத அந்தக் கலனில் தட்டையும் புல்லும் மேலே மிதந்து ஏடு கட்டி, வாயு வெளியேற வழியில்லாமல் செய்துவிடும்.

குறைகளை முதலில் சொன்னதற்குக் காரணம், சாணத்தின் பலங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதுதான். மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மாட்டின் இரைப்பையிலிருந்தே சாணத்தோடு வருகின்றன. கலனைத் தொடங்க வெளியிலிருந்து எதையும் வாங்க வேண்டியதில்லை. சாணத்தில் இருக்கும் அம்மோனியமும் பைகார்பனேட்டும் கலனில் புளிப்பு ஏறாமல் தாங்கிப் பிடிக்கின்றன. கோபால்ட், நிக்கல், செலினியம் போன்ற நுண்தாதுக்கள் அந்த நுண்ணுயிர்களுக்குக் கட்டாயத் தேவை. தீவனத்தோடு மாட்டுக்குள் போன இவற்றில் பெரும்பகுதி சாணத்தோடு வந்துவிடுகிறது. இதனால் சாணத்தில் ஓடும் கலன் நிதானமானது. ஒரு நாள் தீனி தவறினாலும், இன்னொரு நாள் கொஞ்சம் கூடிவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். ஆய்வகமோ பயிற்சி பெற்ற பணியாளோ இல்லாத பண்ணைக்கு இந்தப் பொறுமையின் மதிப்பு மிகப் பெரிது.

அதைவிடப் பெரிய பலம் காலநிலை சார்ந்தது. திறந்த குழியில் கிடக்கும் சாணக் கரைசல் தானாகவே மீத்தேனை வெளிவிடுகிறது; நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைச் சேர்க்கக்கூடியது. அந்தக் கரைசலை மூடிய கலனில் செரிக்கவைத்தால், வாயுவை எரித்து நிலக்கரியையோ டீசலையோ மிச்சப்படுத்துவது ஒரு பக்கம் இருக்க, காற்றில் கலந்திருக்க வேண்டிய மீத்தேனும் தடுக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் வெளியிட்ட புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறையின் கணக்கில், ஈரச் சாணத்திலிருந்து மூடிய அமைப்பில் எடுக்கப்படும் வாயுவின் உமிழ்வு சுழியத்துக்கும் கீழே, எதிர்மறை எண்ணாக வருவது இதனால்தான். பயிரிலிருந்து எடுக்கும் வாயுவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

மற்றக் கால்நடைகளைப் பற்றிச் சுருக்கமாக: பன்றிக் கழிவு மாட்டுச் சாணக் கரைசலைப் போலவே நடந்துகொள்ளும். கோழி எச்சம் டன்னுக்கு 100 கன மீட்டருக்கும் மேல் வாயு தரும் வளமான பொருள்தான். ஆனால் அதன் தழைச்சத்து அம்மோனியாவாக மாறி நுண்ணுயிர்களையே நெருக்கும் என்பதால், அதைத் தனியாகப் போடாமல் மாட்டுச் சாணத்தோடோ வைக்கோலோடோ கலந்துதான் போட வேண்டும்.

பயிரை மட்டும் நம்பினால்

நூறு மாடுகளின் சாணம் தரும் வாயுவைச் சைலேஜிலிருந்து எடுக்க ஆண்டுக்கு 250 டன் போதும். ஹெக்டேருக்கு 45 டன் விளையும் நல்ல நிலமாக இருந்தால் ஐந்தரை ஹெக்டேர். கலனும் சிறிதாகவே இருக்கலாம்: சாணத்தை 30 நாள் வைத்திருக்க 165 கன மீட்டர் வேண்டும் என்றால், சைலேஜை 100 நாள் வைத்திருந்தாலும் அதில் பாதிகூட வேண்டாம். மாடு இல்லை, கொட்டில் இல்லை, நாள்தோறும் வழித்தெடுக்கும் வேலை இல்லை. ஒருமுறை அறுத்துச் சேமித்தால் ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் தீனி. பயிரை ஆதரிப்போர் சொல்லும் இந்தக் காரணங்கள் அனைத்தும் உண்மையானவை.

இதே கணக்கைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் நிலத்தின் விலை புரிகிறது. ஒரு ஹெக்டேர் மக்காச்சோளம் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் தரக்கூடிய மின்திறன் சுமார் இரண்டு கிலோவாட். 500 கிலோவாட் எஞ்சினை ஓட்ட 230 ஹெக்டேருக்கும் மேல் வேண்டும்; பயிர்ச் சுழற்சிக்காக மூன்றாண்டுக்கு ஒருமுறை மட்டும் அதே வயலில் மக்காச்சோளம் போடுவதென்றால் 700 ஹெக்டேரைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதே ஒரு ஹெக்டேரில் சூரியத் தகடுகளைப் பதித்தால் ஆண்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் இதைவிட முப்பது மடங்குக்கும் அதிகம். சேமித்து வைத்து வேண்டும்போது எரிக்கலாம் என்பது எரிவாயுவுக்குள்ள தனிச் சிறப்பு. ஆனாலும் மின்சாரம் மட்டுமே நோக்கமென்றால், நல்ல விளைநிலத்தைக் கலனுக்குக் கொடுப்பதை நியாயப்படுத்துவது எனக்குக் கடினமாகவே இருக்கிறது.

சைலேஜ் போடுவது தனிக் கலை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பயிரின் உலர்பொருள் 28 முதல் 35 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது அறுக்க வேண்டும். அதற்கு முன்னால் அறுத்தால் சாறு வடிந்து சத்து போகும், பின்னால் அறுத்தால் மிதித்து இறுக்க முடியாமல் உள்ளே காற்று தங்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மீதும் டிராக்டரை மெதுவாக ஓட்டி இறுக்கி, கடைசியில் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடிப் பாரம் வைக்க வேண்டும். கலனுக்குப் போட வெட்டியெடுக்கும் முகப்பு காற்றுப்பட்டுச் சூடேறத் தொடங்கும்; கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு தெரியும், ஓரங்களில் வெண்பூசணம் படரும். அந்தச் சூடு முழுவதும் வாயுவாகியிருக்க வேண்டிய ஆற்றல். நன்றாகப் போட்ட சைலேஜிலேயே பத்து விழுக்காடு அளவுக்கு இழப்பு உண்டு. கவனக்குறைவாகப் போட்டதில் அது இரட்டிப்பாகும். வடியும் சாற்றை ஓடையில் கலக்கவிட்டால் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைக் கொன்றுவிடும். அதற்கெனத் தனிக் குழி கட்ட வேண்டும்.

பயிரை மட்டும் தின்னும் கலன் சில மாதங்கள் அருமையாக ஓடிவிட்டுப் பிறகு காரணம் தெரியாமல் சோர்ந்துபோவது நன்கு அறியப்பட்ட நிகழ்வு. தொடக்கத்தில் ஊற்றிய சாணத்தோடு வந்த நுண்தாதுக்கள் மெல்ல மெல்லக் கழுவப்பட்டு வெளியேறிவிட, புதிதாக வரும் தீனியில் அவை போதுமான அளவு இருப்பதில்லை. அதன்பின் நடப்பது ஒரு வரிசைப்படி நடக்கும். சர்க்கரையை அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தை மீத்தேனாக்கும் நுண்ணுயிர்கள் பின்தங்கும். முதலில் வாயுவில் மீத்தேனின் பங்கு குறைந்து, அடுப்பில் வைத்தால் சுடர் நிற்காமல் அணையும். அடுத்துக் கரைசலில் புளித்த நெடி தெரியும். சில கலன்களில் நுரை பொங்கி வாயுக் குழாய்க்குள்ளேயே ஏறும். அமிலக் காரத்தன்மைக் குறியீடு இறங்கியது அளவியில் தெரியும் நேரத்தில் நிலைமை கைமீறியிருக்கும். ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் கரைசலில் உள்ள அமிலத்துக்கும், அதைத் தாங்கிப் பிடிக்கும் காரத்துக்குமான விகிதத்தை வாராவாரம் அளக்கிறார்கள். அது 0.4-ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் தீனியைக் குறைப்பார்கள். நுண்தாதுக் கலவையை விலைக்கு வாங்கிப் போட்டு இதைத் தடுக்கலாம். ஆனால் பத்து வண்டிச் சாணம் செலவில்லாமல் செய்யும் வேலை அது.

பயிரை நம்பிய பாதை எங்கே போய் முடியும் என்பதை ஒரு நாடே செய்துபார்த்துவிட்டது. ஜெர்மனியில் 2004-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தைத் திருத்தி, பயிரிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்குத் தனி ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அப்போது 2,000 அளவில் இருந்த கலன்களின் எண்ணிக்கை 2011-இல் 7,000-ஐத் தாண்டியது, கிராமம் கிராமமாக மக்காச்சோளம் பரவியது, கால்நடை மிகுந்த பகுதிகளில் நிலக் குத்தகை ஏறிப் பால்பண்ணைகளே தீவன நிலத்துக்குப் போட்டியிட வேண்டிய நிலை வந்தது, புல்வெளிகள் உழப்பட்டன. 2012-இல் மக்காச்சோளமும் தானியமும் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதே திருத்தத்தில், எண்பது விழுக்காடு சாணத்தில் ஓடும் 75 கிலோவாட் வரையிலான சிறு கலன்களுக்கு உயர்ந்த விலையும் தந்தார்கள். 2014-இல் பயிருக்கான ஊக்கத்தொகையே புதிய கலன்களுக்கு நிறுத்தப்பட்டது. ஊக்கத்தொகையை நம்பிப் பயிர்க் கலன் கட்டும் எவரும் இந்தப் பத்தாண்டு வரலாற்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும்: சலுகை மாறிவிடும், கலன் அங்கேயே நிற்கும்.

சலுகை மாறாவிட்டாலும் விலை மாறும். தானிய விலை ஏறும் ஆண்டில் மக்காச்சோளத்தைக் கலனுக்குப் போடுவதைவிட விற்றுவிடுவது லாபமாக இருக்கும்; ஆனால் மின்சாரத்துக்கான ஒப்பந்த விலை அப்படியே நிற்கும். பயிர்க் கலனின் நடைமுறைச் செலவில் மிகப் பெரிய பங்கு தீனிக்கே போவதால், இந்த ஏற்ற இறக்கம் நேராக லாபத்தைத் தாக்கும். சாணத்துக்குச் சந்தை விலை ஏறினால் அது பண்ணைக்கு வரவாகுமே தவிரச் செலவாகாது.

சாணத்தோடு கொஞ்சம் பயிர்

இரண்டையும் கலப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அது பலரை வியக்கவைக்கும், எச்சரிக்கவும் வேண்டும். கலனுக்குப் போகும் எடையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சைலேஜாகவும் மீதி சாணக் கரைசலாகவும் இருந்தால், ஒவ்வொரு டன்னிலும் சாணம் தருவது இருபத்திரண்டரை கன மீட்டர், சைலேஜ் தருவது 20 கன மீட்டர். பத்தில் ஒரு பங்கு எடை, ஏறத்தாழ பாதி வாயுவைத் தந்துவிடுகிறது. நூறு மாட்டுப் பண்ணைக்கு இது பெரிய வித்தியாசம்: அதே கலனில், அதே சூடேற்றும் செலவில் எஞ்சினின் திறன் இரட்டிப்புக்கு அருகில் வரும். அந்தப் பத்து விழுக்காட்டை இருபதாக, முப்பதாக உயர்த்தும் ஆசையும் இங்கேதான் தொடங்கும். எஞ்சினை முதலிலேயே பெரிதாக வாங்கிவிட்டால் அந்த ஆசை கட்டாயமாக மாறிவிடும். ஏனென்றால் பெரிய எஞ்சினுக்கு வாங்கிய கடனைத் தீர்க்க, சாணம் போதாத ஒவ்வொரு நாளும் வெளியிலிருந்து பயிர் வாங்க வேண்டியிருக்கும். கலவை வழியைத் தேர்ந்தெடுப்போர் எஞ்சினைச் சாணத்தின் அளவுக்கே முடிவுசெய்து, சிறிது இடம் மட்டும் விட்டுவைப்பதே பாதுகாப்பு.

சேர்க்கும் பொருள் முழுப் பருவ மக்காச்சோளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாடு தின்னாமல் ஒதுக்கிய தீவனம், கெட்டுப்போன சைலேஜின் ஓரங்கள், காய்கறி ஒதுக்கல், கிழங்குப் பயிர்களின் இலை, தானியம் தூற்றிய தூசு ஆகியவை எந்த நிலத்தையும் புதிதாகக் கேட்பதில்லை. வைக்கோலையும் சேர்க்கலாம், கோழி எச்சத்தில் மிகுந்திருக்கும் தழைச்சத்தை ஈடுசெய்யும் கரிச்சத்து அதில் தாராளம். ஆனால் அதை அரைத்தோ நொறுக்கியோ போடாவிட்டால் கலனில் கனத்த ஏடு கட்டி, கலக்கியின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். இத்தாலியில் பல பண்ணைகள் இன்னொரு வழியைக் கடைப்பிடிக்கின்றன: முன்பு தரிசாக விட்ட குளிர்காலத்தில் டிரிட்டிகேலி (கோதுமையும் ரையும் கலந்த கலப்பினத் தானியம்) போன்ற பயிரை விதைத்துப் பச்சையாக அறுத்துக் கலனுக்குக் கொடுத்துவிட்டு, கோடையில் வழக்கம்போல உணவுப் பயிரோ தீவனப் பயிரோ போடுகிறார்கள். நிலம் வெறுமையாகக் கிடக்காததால் மண்ணரிப்பும் தழைச்சத்துக் கசிவும் குறைகின்றன. நீரும் வளர்பருவமும் இரண்டு பயிருக்கும் இடம் கொடுக்கும் இடங்களில் மட்டுமே இது சாத்தியம். இரண்டாம் பயிரின் விளைச்சல் குறையுமானால் கணக்கு மறுபடி கலனுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

டென்மார்க்கின் அனுபவம் ஜெர்மனியினுடையதற்கு நேர் எதிரான பாடம். அங்கே 1980-களிலிருந்தே பல பண்ணைகளின் சாணக் கரைசலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, உணவுத் தொழிற்சாலைக் கழிவோடு செரிக்கவைத்து, செரித்த கரைசலைப் பண்ணைகளுக்கே திருப்பி அனுப்பும் கூட்டுக் கலன்கள் வளர்ந்தன. கலனுக்குப் போகும் தீனியில் பயிருக்கான வரம்பைப் படிப்படியாகக் குறைத்து, 2018-இல் 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பயிரில்லாமல் பெரிய அளவில் எரிவாயு எடுக்க முடியாது என்ற வாதத்துக்கு அந்த நாடே பதில்: அதன் எரிவாயுக் குழாய்களில் ஓடும் வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி வந்ததுதான்.

கலவையில் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்தப் புதிய பொருளையும் ஒரே நாளில் கொட்டக்கூடாது. இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். நுண்ணுயிர்க் கூட்டம் தீனிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளக் காலம் எடுக்கும்.

வெளியே வருவதை மறந்துவிடலாகாது

கலன் எதையும் மாயமாக்குவதில்லை. உள்ளே போன தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து அனைத்தும் ஏறத்தாழ அப்படியே வெளியே வருகின்றன. ஐந்தரை டன் போனால் ஐந்து டன்னுக்கு மேல் வரும். சொந்தச் சாணத்தைச் செரிக்கவைத்தவரின் நிலத்துக்கு முன்பு போன சத்துதான் இப்போதும் போகிறது, பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்தில்: கரிமத் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியமாக மாறியிருக்கும், களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் குறைந்திருக்கும், நாற்றமும் பெரிதாக இருக்காது. வெளியிலிருந்து பயிர் வாங்கியவரோ வேறொருவர் வயலின் சத்தைத் தன் பண்ணையில் குவிக்கிறார். அதைப் பரப்ப நிலம் வேண்டும். ஐரோப்பாவில் நைட்ரேட் பாதிப்புப் பகுதிகளில் (உரத்தின் நைட்ரேட் நீர்நிலைகளை மாசுபடுத்தும் பகுதிகளில்) கால்நடை எருவிலிருந்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்து என்ற வரம்பு நடைமுறையில் இருப்பதால், கலன் பெரிதாகும்போது இதுவே முதல் முட்டுக்கட்டையாகிறது. அம்மோனியம் கூடியிருப்பதால் செரித்த கரைசலை வெயிலில் வீசித் தெளித்தால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். தரையை ஒட்டிய குழாய் வழியாக விட்டு உடனே மண்ணோடு கலக்க வேண்டும். செரித்த கரைசலைத் தேக்கும் தொட்டியை மூடாமல் விட்டால் அதிலிருந்து மீத்தேன் தொடர்ந்து கசியும். சாணம் தந்த காலநிலைப் பலனைக் கணிசமாகத் தின்றுவிடும் அந்தக் கசிவைப் பொறுத்துக்கொள்வதற்குச் செலவுச் சிக்கனம் தக்க காரணமாகாது.

வாயுவின் பயன்பாட்டில் தேர்வு எளிது. சமையலுக்கும், பால்பண்ணையின் வெந்நீருக்கும், தானியம் உலர்த்தவும் நேரடியாக எரிப்பதே மிகக் குறைந்த இழப்புள்ள வழி. அதற்குப் பின் மிஞ்சுவதை மின்சாரமாக்கலாம். கரியமில வாயுவைப் பிரித்து இயற்கை எரிவாயுவுக்கு நிகராக்கும் ஏற்பாடு பெரிய கலனுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். எந்த வழியானாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கியாக வேண்டும். அது எஞ்சினை அரிப்பதைவிட மனிதருக்குச் செய்யும் கேடு பெரிது: செறிவு கூடும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போவதால் நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்துக் குனிபவர் எழுவதில்லை. சாணக் குழிக்குள்ளோ வெறுமையாக்கிய கலனுக்குள்ளோ அளவியும் காற்றோட்டமும் வெளியே ஒரு துணையாளும் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள் அடுத்தடுத்து இறந்த துயரங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை, சாணத்தை எடைபோடுவது. மாடுகளின் எண்ணிக்கையை அட்டவணை எண்ணால் பெருக்கினால் போதாது. மழைக்காலத்தில் ஒரு வாரமும் மேய்ச்சல் காலத்தில் ஒரு வாரமும் குழிக்கு வந்து சேருவதை நாள்தோறும் அளந்து, ஒரு மாதிரியை உலர்த்தி உலர்பொருள் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களில் குறைந்த எண்ணை எடுத்துக் கலனையும் எஞ்சினையும் அதற்கே அமைக்கலாம். அந்த எண் மிகச் சிறிதாக இருந்தால் எஞ்சினை விட்டுவிட்டு அடுப்புக்கும் வெந்நீருக்கும் மட்டும் வாயு எடுக்கலாம். அல்லது பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் உள்ள பண்ணைகளோடு சேர்ந்து கூட்டுக் கலன் கட்டலாம். தொண்ணூறு பங்கு நீரான கரைசலை அதற்கு மேல் லாரியில் ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. கூட்டுக் கலன் என்றால், யாருடைய கரைசல் எவ்வளவு போகிறது என்பதோடு, செரித்த கரைசலில் எவ்வளவு யாரிடம் எந்த மாதத்தில் திரும்பி வரும், அதுவரை எந்தத் தொட்டியில் நிற்கும் என்பதையும் கட்டுமானம் தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.